நம் ஊர்ப் பெயரைச் சுமந்த நான்கு உயிர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள்தான் அதிகம் வரும். எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பது ஒன்று. சனி, ஞாயிறு பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்பது இன்னொன்று. ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி என்று பெயர்கள் வரும். கடைசியில் கடற்கரைச் சாலையில் ஒரு நடையும் பஜ்ஜியுமாக ஞாயிறு முடிந்துவிடும்.

ஒரு மணி நேரத் தொலைவுக்குள்ளேயே காடும் ஏரியும் கழிமுகமும் நமக்கு இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பார்ப்பதற்கு முன் அவற்றின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். அதற்காக நான்கு உயிரினங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்: ஒரு கருடன், ஒரு கௌதாரி, ஒரு காட்டுக் கீச்சான், ஒரு சுறா. நான்கும் 1760க்கும் 1839க்கும் இடையில் நம் புதுச்சேரியின் பெயரோடு ஐரோப்பிய நூல்களில் ஏறியவை. முதல் மூன்றை இந்த மழைக்காலத்தில் நீங்கள் பார்த்துவிடலாம். நான்காவதைப் பார்க்க முடியாது. மூன்று எப்படித் தங்கின, ஒன்று எப்படிப் போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

முற்றுகைக் காலத்துக் கருடன்

1760ஆம் ஆண்டு பாரிசில் மத்துரென் பிரிசோன் என்ற இயற்கை ஆய்வாளர் தம் பெரிய பறவை நூலை வெளியிட்டார். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடலும் கொண்ட ஒரு பறவைக்கு அதில் அவர் கொடுத்த பெயர் 'புதுச்சேரிக் கழுகு'. நாம் கருடன் என்றும் செம்பருந்து என்றும் சொல்லும் அதே பறவைதான். 1783இல் போதார்ட் என்ற டச்சுக்காரர் அதற்கு லத்தீன் பெயர் வைத்தபோது 'இந்துஸ்' என்று வைத்துவிட்டார். ஊர்ப் பெயர் போய்விட்டது. ஆனாலும் அந்த இனத்தின் மூல இடம் எது என்று கேட்டால், இன்றும் புத்தகங்கள் சொல்லும் பதில் புதுச்சேரிதான்.

பிரிசோனின் நூல் வெளிவந்த அதே 1760இல் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை நகரை வளைத்து நின்றது. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. அதன் பிறகு கோட்டையையும் வீடுகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் 'பிரெஞ்சுப் பகுதி' என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் கட்டடங்கள் பெரும்பாலும் அதன் பிறகு எழுந்தவை. கட்டடங்களைவிட நம் ஊர்க் கருடனுக்குப் பழைய பத்திரம் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அந்தக் கருடன் இன்னும் இங்கே இருக்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலேயும், அரியாங்குப்பம் ஆற்றங்கரையின் அலையாத்தி மரங்களுக்கு மேலேயும் வட்டமிடும். மீன் கழிவும் நண்டும் அதற்குப் போதும். அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. பெருமாளின் வாகனத்தைக் கல்லால் அடிக்க யாருக்கும் மனம் வராது. அந்தப் பறவைக்குச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே காவல் இருந்தது.

முள்வேலியும் கௌதாரியும்

பழைய புதுச்சேரிக்கு இரண்டு காவல் இருந்தது. ஒன்று கோட்டைச் சுவர். இன்று புல்வார் இருக்கும் இடம். இன்னொன்று அதற்கு வெளியே சுமார் ஒரு மைல் தள்ளி, வடக்கே கடற்கரையில் தொடங்கி மேற்கே வளைந்து அரியாங்குப்பம் ஆற்றைத் தொடும் முள்வேலி. கள்ளியும் கற்றாழையும் மற்ற முட்செடிகளும் அடர்ந்து, இடையிடையே தென்னையும் பனையும் நின்ற வேலி அது. பீரங்கி வண்டியோ குதிரையோ எளிதில் நுழைய முடியாதபடி வளர்த்திருந்தார்கள். சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு காவல் அரண்கள் இருந்தன. வழுதாவூர் அரண், வில்லியனூர் அரண், அரியாங்குப்பம் அரண் என்று அந்தச் சாலைகள் போகும் ஊர்களின் பெயரே அவற்றுக்கு. அந்தச் சாலைகளில்தான் இன்றும் நாம் டிராபிக்கில் நிற்கிறோம்.

அந்த முள்வேலியும் அதைச் சுற்றிய பொட்டல் காடும்தான் கௌதாரிக்கு வீடு. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கிழக்கு நாடுகளிலும் பயணம் செய்தார். 1778இல் ஆங்கிலேயர் நகரை மறுபடி முற்றுகையிட்டபோது இங்கேயே இருந்தார். பின்னாளில் ஏனாமின் நிர்வாகியாகவும் இருந்தவர். 1782இல் வெளிவந்த தம் பயண நூலில் கோயில்களையும் திருவிழாக்களையும் தொழில்களையும் எழுதியதோடு, பறவைகளையும் படமாக வரைந்து சேர்த்தார். அந்த நூலை வைத்து, இந்தியாவுக்கே வராத ஜெர்மானியப் பேராசிரியர் கிமெலின் 1789இல் இரண்டு பறவைகளுக்கு 'பாண்டிசெரியானுஸ்' என்று பெயரிட்டார். ஒன்று கௌதாரி, மற்றொன்று காட்டுக் கீச்சான். மலைக்காட்டுச் சாம்பல் காட்டுக்கோழிக்குச் சொன்னராவின் பெயரே பின்னர் சூட்டப்பட்டது.

கௌதாரியைப் பார்ப்பதைவிடக் கேட்பது எளிது. விடியற்காலையில் ஜோடியாக, விட்டு விட்டு உரத்துக் கூவும். ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில், முட்புதர் இருக்கும் எந்த இடத்திலும் இந்தச் சத்தம் கேட்கும். கவலை என்னவென்றால், அந்த மாதிரி இடத்தை நம் கண் 'சும்மா கிடக்கும் இடம்' என்றே பார்க்கிறது. புதரைச் சுத்தம் செய்து மனை போடுவதை யாரும் காடழிப்பு என்று நினைப்பதில்லை. நகரைக் காத்த வேலி போனதும் அப்படித்தான்.

குயில் தோப்பில் துப்பாக்கி

வாரக் கடைசியில் இயற்கையைப் பார்க்கப் போவது புதுப் பழக்கம். பறவைகளைத் தேடி ஊருக்கு வெளியே போவது பழைய பழக்கம். ஆனால் கையில் துப்பாக்கி இருக்கும். 1908 முதல் 1918 வரை நம் ஊரில் வாழ்ந்த பாரதியார் 'குயில் பாட்டு' கதையை நகருக்கு மேற்கே உள்ள ஒரு மாஞ்சோலையில் அமைத்தார். பறவை சுட வேட்டுவர் வந்து போகும் சோலை என்றே அதை அவர் அறிமுகப்படுத்துகிறார். நாம் இன்று கருவடிக்குப்பத்தில் குயில் தோப்பு என்று காட்டும் இடம் அதுதான். சொன்னராவின் காலத்திலும் ஒரு பறவையைப் பதிவு செய்வது என்றால், அதைச் சுட்டுத் தோலை உரித்துப் பஞ்சடைத்துக் கப்பலில் ஏற்றுவது என்றே பொருள்.

இந்த வழக்கத்தைச் சட்டம் தொட்டது 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது. ஊசுட்டேரிக்கு முழுப் பாதுகாப்பு கிடைக்க இன்னும் 36 ஆண்டுகள் ஆயின. 2008இல் ஏரியின் புதுச்சேரிப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. பிறகு தமிழ்நாடும் தன் பகுதியை அறிவித்தது. சுமார் 800 ஹெக்டேர் பரப்புள்ள ஒரே ஏரி, இரண்டு அரசுகள், இரண்டு சரணாலயங்கள். எல்லைக் கோடு தண்ணீருக்கு நடுவில் ஓடுவது நாரைக்கும் தெரியாது, நாமக்கோழிக்கும் தெரியாது.

ஊசுட்டேரி தானாக உண்டான ஏரி இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கரை போட்டு உருவாக்கியது. சங்கராபரணி ஆற்றின் வெள்ளத்தைச் சுத்துக்கேணி வாய்க்கால் கொண்டுவந்து சேர்க்கிறது. அதேபோல் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு பெண்கள் வாய்க்கால் வெட்டிய கதை அந்தப் பக்கத்து ஊர்களில் இன்றும் வழங்குகிறது. பாகூரின் பழமைக்கு வேறொரு சான்றும் உண்டு. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கே இருந்த ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைச் சொல்கிறது. அதில் ஓர் ஊரின் பெயர் விளாங்காட்டங்கடுவனூர். விளாமரக் காடு அந்தப் பெயரிலேயே நிற்கிறது.

1999இல் ஐரோப்பிய நிதியுதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரியின் 84 ஏரிகள் தூர்வாரிச் சீர் செய்யப்பட்டன. ஏரிச் சங்கங்களில் விவசாயிகளோடு நிலமற்றவர்களும் பெண்களும் உட்கார்ந்தார்கள். கார்த்திகை, மார்கழியில் அந்தக் கரைகளில் நின்று நீங்கள் பார்க்கும் வலசைப் பறவைகளுக்குப் பின்னால் இந்த மண்வெட்டி வேலை எல்லாம் இருக்கிறது.

சாமிக்கு விட்ட காடு, கையால் வளர்த்த காடு

மூன்றாவது உயிர் காட்டுக் கீச்சான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறப் பறவை. கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, மேலே வெள்ளைப் புருவம். ஜோடியாக மரம் மரமாகத் தாவிக்கொண்டே இருக்கும். பொட்டலில் இதற்கு வேலை இல்லை, மரம் வேண்டும்.

நம் கடற்கரைக்கு உரிய காட்டை அறிவியலார் 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்பார்கள். பெயரே முரணாகத் தோன்றும். ஆண்டில் பல மாதம் வறட்சி, மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனாலும் இந்த மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. வீரை, காசா, உலக்கைப் பாலை, இரும்பிலி போன்றவை இதன் மரங்கள். தடித்த சிறு இலைகள். உயரம் அதிகம் போகாது. விறகுக்கும் விளைநிலத்துக்கும் வீட்டுக்குமாக இந்தக் காடு கடற்கரை நெடுகிலும் வெட்டப்பட்டு, துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

அந்தத் துண்டுகளில் பல கோயில் காடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு, இந்த வகைக் காட்டுக்கு நமக்கு மிக அருகில் உள்ள நல்ல மாதிரி. சாமிக் காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற நம்பிக்கைதான் அதற்கு வேலி.

இந்தக் காட்டை அறிவியல் கண்ணோடு பார்த்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய பெரோத்தே நீலகிரி வரை சென்று செடிகள் சேகரித்தவர். 1870இல் இங்கேயே காலமானார். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லெக்ரி போன்ற அறிஞர்களின் தலைமையில் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தது. கடற்கரைச் சாலையில் அந்த மஞ்சள் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறோம். உள்ளே ஒரு பெரிய உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது.

கையால் வளர்த்த காடு ஆரோவில்லில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அதைத் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு வெறும் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து, பள்ளங்களின் வழியே கடலுக்குப் போகும். முதலில் அவர்கள் செய்த வேலை வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தியது. பிறகு ஆஸ்திரேலியக் கத்திச்சவுக்கு போன்ற வேகமாக வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில் நம் காட்டு மரங்களை வைத்தார்கள். அந்த நாற்றுகளுக்கு வேண்டிய விதை கோயில் காடுகளில் இருந்தது. 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் அடித்தபோது அங்கும் தாவரவியல் பூங்காவிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. மறுபடி நட்டார்கள். இன்று அந்தக் காட்டு வழியில் காட்டுக் கீச்சானின் சீழ்க்கை கேட்கிறது.

மணல் போன கரை

நான்காவதுக்குப் போகும் முன் கடற்கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1816இல் லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் புதுச்சேரிக்கு வந்து, 1822 வரை தென்னிந்தியாவில் செடிகளும் உயிரினங்களும் சேகரித்தார். இங்கிருந்து போன ஒரு சிறு கரைப்பறவைக்கு 1826இல் லெசோன் என்பவர் லெஷனோவின் பெயரைச் சூட்டினார். பெரிய மணல் உப்புக்கொத்தி என்று நாம் சொல்லும் பறவை அது. மத்திய ஆசியாவின் வறண்ட வெளிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு நம் கடற்கரைக்கு வரும்.

பெயரிலேயே மணல் இருக்கும் அந்தப் பறவைக்கு நம் கடற்கரைச் சாலையின் முன்னால் கால் வைக்க இடம் இல்லாமல் பல ஆண்டுகள் போயின. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும். மொத்தத்தில் அதன் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கரைகள் எழுந்த பிறகு அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் மணற்பரப்பு கரைந்து, பாறாங்கற்கள் மட்டும் மிஞ்சின. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பறவைகள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அவற்றைக் காண வடக்கே மரக்காணம் பக்கம் கழுவேலிக்குப் போகலாம். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கும் மேல் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற உவர்நீர்ப் பரப்பு அது.

வராத சுறா

1839இல் பெர்லினில் முல்லர், ஹென்லே இருவரும் வெளியிட்ட சுறா நூலில், புதுச்சேரியிலிருந்து போன ஒரு சிறு சுறா இடம்பெற்றது. சிறுநீரகத்தில் 'ஹென்லே வளையம்' என்று உயிரியல் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் படிப்பது இதே ஹென்லேயைத்தான். ஆங்கிலத்தில் அந்த மீனின் பெயரே 'பாண்டிச்சேரி சுறா'.

உலக அருங்காட்சியகங்களில் இதன் உடல்கள் சுமார் 20 இருக்கின்றன. 1979க்குப் பிறகு உறுதியான பதிவு இல்லை. இங்கே பார்த்தோம், அங்கே பார்த்தோம் என்ற செய்திகள் அவ்வப்போது வரும். கரையோர ஆழமற்ற கடலும் கழிமுகமும்தான் இதன் இடம் என்று கருதுகிறார்கள். கரையோரக் கடலில்தான் வலைகளும் அதிகம். ஆற்றின் வழியாக நகரத்தின் கழிவு வந்து சேரும் இடமும் அதுதான். 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு உள்ள அதே பாதுகாப்போடு இதைச் சேர்த்தார்கள். அதற்குள் 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கருடனுக்குப் பெருமாள் இருந்தார். காட்டுக் கீச்சானுக்கு அய்யனார் இருந்தார். பிறகு நாற்று நட்டவர்கள் இருந்தார்கள். ஏரிப் பறவைகளுக்கு வாய்க்கால் வெட்டியவர்களும் ஏரிச் சங்கமும் இருந்தார்கள். கௌதாரி புதர் இருக்கும் வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. சுறாவின் இடத்தை 'என்னுடையது' என்று சொல்ல யாரும் இருக்கவில்லை.

இந்த மழைக்கு

இனி அந்த வாட்ஸ்அப் செய்திகளுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்கள் மூழ்கின. தெருவில் தேங்கும் தண்ணீரும் நாம் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும் பறவையும் ஒரே வாய்க்காலின் இரு முனைகள். நம் வீட்டு முன் வாய்க்காலில் நாம் போடும் பிளாஸ்டிக் பை, மழையில் அடித்துக்கொண்டு போய் நிற்கும் இடம் அரியாங்குப்பம் ஆற்றின் அலையாத்தி வேர்தான்.

ஆகவே இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யலாம். முதல் சனிக்கிழமை உங்கள் தெரு வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்று பிள்ளைகளோடு நடந்து பாருங்கள். அடுத்த ஞாயிறு காலை ஊசுட்டேரிக்கோ கீழ்ப்புத்துப்பட்டுக்கோ போங்கள். வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஏரிக்கரைக்கும் கடலுக்கும் வேண்டாம். மழை விட்டு வெறித்த மறுநாள் காலைதான் பறவைகள் நன்றாகத் தெரியும். கோயில் காட்டில் ஒரு குச்சியையும் ஒடிக்காதீர்கள். சாப்பிட்ட பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பறவை அருகே வர ஸ்பீக்கரில் கூவல் ஒலி போடாதீர்கள்.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியிலிருந்தே 15 நிமிடம் பறவைகளை எண்ணிப் பதிவு செய்யலாம். பட்டியலில் முதல் பெயராகக் கருடனை எழுதுங்கள். எழுதும்போது, 1760இல் அதற்கு நம் ஊர்ப் பெயர்தான் இருந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள்.